நினைவுக்குத் துணை நிற்கும் கருவி

நேற்று எங்கே சென்றோம், யாரைச் சந்தித்தோம் என்பதெல்லாம் அடியோடு மறந்துபோனால் ஒருவரது வாழ்வு எவ்வாறிருக்கும்? இங்கிலாந்தில் 63 வயதுப் பெண்மணி ஒருவர் மூளையழற்சியால் இந்நிலைக்கு ஆளானார். கேம்பிரிட்ஜ் நகரின் ஆடன்புரூக் மருத்துவமனை ஆய்வாளர்கள் அவருக்குச் ‘சென்ஸ்கேம்’ என்னும் சிறிய ஒளிப்படக் கருவியை அளித்தனர்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் உருவான அக்கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ஒளி மாறும்போதும் எதிரே ஆள் வரும்போதும் அது தானாகவே படமெடுக்கும். படமெடுக்க மறந்துவிடுவோமோ என்னும் கவலை அணிந்தவருக்கு இல்லை.

அப்பெண்மணி இரண்டு நாள்களுக்கு ஒருமுறை, இரு வாரங்கள், கணவருடன் அமர்ந்து படங்களைப் பார்த்தார். 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நிகழ்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவரால் நினைவுகூர முடிந்தது. எழுதிய நாட்குறிப்பைப் படித்தபோது நினைவுக்கு வந்தது ஏறத்தாழ 49 விழுக்காடே. படங்களைப் பார்ப்பதை நிறுத்தி மூன்று மாதங்கள் சென்ற பின்னும் அந்நினைவுகள் நிலைத்திருந்தன. ஒருவர் பெற்ற பயனை எல்லாரும் பெறுவர் என உறுதி கூற இயலாது. ஆயினும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது.

இக்கருவி அந்தரங்கத்தைக் குலைக்கும் என்பர் சிலர். அவ்வச்சம் தக்கதே. படுக்கையறையும் அதில் பதியும். வழியில் எதிர்ப்படுவோர் முகமும் பதியும். நினைவு குன்றியவருக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்று கருதி, அவரைக் கேளாமலே கருவியை அணிவித்தால் அது உதவியாகாது, கண்காணிப்பாகிவிடும். படமெடுப்பதைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும் பொத்தான் சென்ஸ்கேமில் இருந்தது. எப்போது நிறுத்துவது, எப்படத்தை அழிப்பது, யாருக்குக் காட்டுவது என்பவற்றை அணிபவரே முடிவு செய்தல் வேண்டும். தாம் இசைந்ததை அவர் மறந்துவிட்டால், மறுநாளும் கேட்டே அணிவித்தல் முறை.

படங்களைக் கையில் கொடுத்துவிட்டு அகன்றுவிடுவதும் போதாது. அப்பெண்மணியின் அருகில் கணவர் இருந்தார் என்பதை மறத்தலாகாது. “இவர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று தேர்வு வைப்பதுபோல் வினவினால், விடை தெரியாதவர் நாணி ஒதுங்குவார். பொறுமையுடன் காத்திருந்தால் அவரே பேசத் தொடங்கக்கூடும்.

இத்தகைய கருவி எல்லா வீடுகளிலும் இராது. எனினும், கைப்பேசியில் அன்று எடுத்த நான்கு படங்கள் இருக்கும். மறதியுற்ற தாத்தாவோ பாட்டியோ விரும்பினால், அருகமர்ந்து அவற்றைக் காட்டும் பணியைப் பேரப்பிள்ளைகளும் செய்யலாம்.