ஒரு சட்டசபை மெம்பரும் நம் சலங்கைக் கதைகளும்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் பதினோரு பேர் கூடியிருந்தோம். தமிழில் இலக்கியக் கூட்டம் என்றால் இதுதான் அளவு. சதிர் பற்றிப் பேச்சு வந்தது. நான் மதிக்கிற கவிஞர் ஒருவர் சொன்னார்: ‘ஒரு டாக்டரம்மாள் சட்டசபைக்குப் போனாள், ஆயிரம் வருஷத்துக் கலை செத்தது.’ எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டிய தலைகளில் என்னுடையதும் ஒன்று. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தில் இதை எழுதுகிறேன். கவிஞர் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். கோபித்துக்கொள்ளட்டும்.

டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியைப் பற்றி நம்மிடம் இரண்டே இரண்டு பேச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று மேடைப் பேச்சு. அதில் அவர் ‘வீராங்கனை’, ‘தாய்’, ‘புரட்சி’. எதிர்த்துப் பேசிய சனாதனியின் வாயை ஒரே வாக்கியத்தில் அடைத்தவர். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்றொன்று நம்முடைய பேச்சு. அதில் அவர் கலை தெரியாத சீர்திருத்தக்காரி, விக்டோரியன் ஒழுக்கத்தின் இரவல் குரல். இந்த இரண்டு பேச்சுக்காரர்களும் ஒருவரையொருவர் ஜென்ம விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. அந்த அம்மாள் சட்டசபையில் என்ன வேலை பார்த்தார் என்பதைத் தெரிந்துகொள்ளும் சிரமத்தை இருவருமே எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வேலையை அவரே ஒரு புத்தகமாக, ஆங்கிலத்தில், 1930இல் எழுதி வைத்திருக்கிறார். சட்டமன்ற உறுப்பினராகத் தன் அனுபவம் என்பதே அதன் தலைப்பு. ‘அனுபவம்’, ‘அனுபவ உண்மை’ என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லும் நமக்கு இந்த அனுபவம் வேண்டியிருக்கவில்லை. ஏன் என்றால் இதில் அறையில் தனித்திருக்கும் மனிதன் இல்லை. தீர்மானம் இருக்கிறது, மசோதா இருக்கிறது. இவையெல்லாம் மனித அனுபவத்தில் சேர்த்தியில்லை என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1886இல், புதுக்கோட்டையில். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி பிரின்ஸிபால். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேருவதை ஊர் எதிர்த்தது. தொண்டைமான் ராஜா உத்தரவு போட்டுச் சேர்த்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர். 1926 கடைசியில் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமனம். 1927இல் ஏகமனதாக அதன் உபதலைவர். 1930இல் ராஜினாமா. மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, அவ்வளவுதான் அவருடைய சட்டசபை வாழ்க்கை.

‘நியமனம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர், ‘ஜனங்கள் தேர்ந்தெடுக்காதவர்தானே?’ என்றார். உண்மை. அவர் உட்கார்ந்த ஸ்தானத்துக்கு ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை. ஆனால் அந்தச் சபைக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? சொத்தும் வரியும் உள்ளவனுக்குத்தான் ஓட்டு. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது, ஆனால் அதே சொத்து நிபந்தனையோடு. சொத்து யார் பேரில் இருந்தது என்பது நமக்குத் தெரியும். பெண்கள் உறுப்பினராகலாம் என்று கதவு திறந்ததே 1926இல்தான். அந்த வருஷமே கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் நின்று கொஞ்சம் ஓட்டில் தோற்றார். ஆக, 132 பேர் கொண்ட ஒரு சபை. அதில் ஒரு பெண். அவரும் வெள்ளைக்கார கவர்னரின் தயவில். இது அவருக்குப் பெருமையும் அல்ல, சிறுமையும் அல்ல. அன்றைய ஜனநாயகத்தின் அளவு அது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அந்தச் சபையில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்க மசோதா கொண்டுவரவில்லை, நியமிக்கப்பட்டவர் கொண்டுவந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை நிறுத்தச் சட்டம் செய்யச் சொன்னது. சபை ஏற்றது. தீர்மானம் சட்டம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஏற்கெனவே பீனல் கோடில் 372, 373ஆவது பிரிவுகள் இருந்தன. மைனர் பெண்ணை விபசாரத்துக்குக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 1924இல் வயது வரம்பைப் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தியிருந்தார்கள். பிறகு என்ன குறை? பதினெட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்து பொட்டுக் கட்டினால் சட்டத்துக்குப் பேச்சில்லை. முன்பே கட்டினாலும் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? தாய் வருவாளா, குருக்கள் வருவாரா?

இங்கேதான் அவருடைய மூளை வேலை செய்த விதத்தை நான் கவனிக்கச் சொல்கிறேன். 1929இல் நிறைவேறிய திருத்தம் ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல, நிலத்தைப் பற்றியது. கோயிலில் ஊழியம் செய்வதற்காக தாசிக் குடும்பங்களுக்கு மான்யமாக நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொண்டாக வேண்டும். அவள் கழுத்தில் விழுந்தது குடும்பத்தின் சாப்பாட்டு மூட்டை. இந்து அறநிலையச் சட்டத்தில் 44-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியத்தையும் நிலத்தையும் இணைத்திருந்த முடிச்சை அவிழ்த்தார். இனி ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ‘மனம் மாற வேண்டும்’ என்று பிரசங்கம் செய்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மனம் மாறுவதற்கு எந்த நிலத்தில் நின்றுகொண்டு மாறுவது என்ற கேள்வியைக் கேட்டவர் ஒருவர்தான். இதை நான் ஒரு நல்ல விமர்சகனின் காரியம் என்பேன். எல்லோரும் சலங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பட்டாவைப் பார்த்தார்.

நாம் எதைப் பார்த்தோம்? என்னையே எடுத்துக்கொள்கிறேன். இருபது வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பத்திரிகையில் ஒரு தாசியைப் பற்றிக் கதை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அதில் தாழம்பூ வாசனை இருந்தது, இடிந்த பிராகாரம் இருந்தது, நிலா இருந்தது. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நிலம் கிடையாது, வரி கிடையாது, வியாதி கிடையாது. அவள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. அவளுக்குத் துக்கம் மட்டும் இருந்தது, அதுவும் நான் கொடுத்த துக்கம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அந்த வாழ்க்கைக்குள் இருந்து வந்தவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று ஒரு நாவல் எழுதினார். அதைப் ‘பிரசாரம்’ என்று நாம் ஒதுக்கினோம். பிரசாரம்தான். ஆனால் அதில் பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பது இருக்கிறது. என் கதையில் அது இல்லை. கலைநயம் என்ற பேரில் நான் செய்தது தகவலை மறைக்கும் காரியம்.

இனி, கலை செத்த விஷயம். 1929 திருத்தத்தில் நாட்டியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1931இல் மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணியின் பெண்கள் ஆடினார்கள். 1935இல் ருக்மிணி தேவி அரங்கேறினார். பாலசரஸ்வதியை நாமே கொண்டாடினோம். செத்த கலைக்கு இத்தனை சபாக்களா? அது கைமாறியது. மாற்றியவர்கள் சபாக்காரர்களும் ரசிகர்களும், அதாவது நம் தாத்தாக்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இந்தக் கணக்கை ஒரு டாக்டர் தலையில் எழுதிவிட்டால் நமக்கு நிம்மதி.

ஆனால் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவர் மேல் எனக்குப் புகார்கள் உண்டு, அவை கவிஞருடைய புகார்கள் அல்ல.

முதலாவது, அந்தப் பெண்களே எழுதியனுப்பிய மனுக்கள். தேவதாசிகள் சங்கம் கூட்டி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்களெல்லாம் சேர்ந்து, ‘எங்களை வேசிகளோடு சேர்க்காதீர்கள், எங்களுக்குப் படிப்பு இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது’ என்று வாதாடினார்கள். மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத வாரிசு உரிமையும் பெண்ணைத் தத்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது நிஜம். நாகரத்தினம்மாள் முத்துப்பழனியின் காவியத்தை 1910இல் அச்சிட்டு, மறுவருஷமே சர்க்காரின் தடையை வாங்கியவர். ஏமாந்த அபலை அல்ல. அந்த மனுக்களுக்கு டாக்டரின் பதில் டாக்டரின் பதிலாகவே இருந்தது. நோயாளி ‘எனக்கு நோயில்லை’ என்றால் அதுவும் நோயின் அறிகுறிதான். 1932இல் பொதுமேடை நாட்டியத்தையே எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதியபோதும் அதே மனோபாவம். இந்த இடத்தில் அவர் தோற்றார் என்றே நினைக்கிறேன். ஒருத்தியின் கட்டை அவிழ்க்கிறவள் அவள் பேசுவதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது புகாரை மேடைக்காரர்களும் விரும்பமாட்டார்கள். 1930இல் பொட்டுக்கட்டுவதை அடியோடு தடுக்கும் மசோதாவை அவர் சபையில் வைத்திருந்தார். அந்த வருஷமே உப்பு சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் இந்த ராஜினாமாவைத் தியாகம் என்று தடித்த எழுத்தில் போடுகின்றன. நான் தவறு என்கிறேன். கைது செய்த சர்க்காரின் நியமனத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது என்ற அவருடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறியது 1947இல். பதினேழு வருஷம். 1930இல் பிறந்த ஒரு பெண் குழந்தை பொட்டுக் கட்டும் வயதுக்கு வந்து, கட்டி முடித்துவிடும் காலம். காந்தியைச் சிறையிலிருந்து மீட்க நாட்டில் லட்சம் பேர் இருந்தார்கள். அந்த மசோதாவை நகர்த்த அந்தச் சபையில் இருந்தவர் ஒருவர். தன் மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கும் வேலையை முடிப்பதற்கும் இடையில் அவர் முன்னதைத் தேர்ந்தார். பெரிய மனிதர்கள் செய்கிற தவறுதான். எழுத்தாளர்கள் தினமும் செய்கிற தவறும் இதுவே. அதனால்தான் நமக்கு அது தியாகமாகத் தெரிகிறது.

அந்த வருஷமே, எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத தாசிகுலப் பெண் குழந்தைகளுக்காகத் தம் வீட்டிலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பின்னால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சட்டசபைக்கு வெளியே செய்தது இவ்வளவு என்று இவற்றைப் பட்டியல் போடுவார்கள். சபைக்குள்ளே அவர் கேட்டதும் இதே ஜாதிதான்: குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, கல்யாண வயதை உயர்த்துவது. ஒன்றுகூட கவிதைக்கு ஆகாது. யாரும் இவற்றை வைத்து உரைவீச்சு நிகழ்த்த முடியாது. தமிழ்ப் பொதுவாழ்வு இந்தப் பக்கம் போகாமல் சொல்லலங்காரத்தின் பக்கம் போனதற்கு அரசியல்வாதியை மட்டும் ஏசிக்கொண்டிருக்கிறோம். அவனுடைய அலங்காரத்தைப் பழிக்கும் நாம், ஒரு சட்டப் பிரிவை முழுதாகப் படித்து அதனால் யார் வயிறு நிறைந்தது, யார் வயிறு காய்ந்தது என்று சொல்லத் தெரிந்த உரைநடையை உண்டாக்கியிருக்கிறோமா? அவன் கையில் எதுகை மோனை, நம் கையில் படிமம். இரண்டிலும் 44-அ இல்லை.

கவிஞர் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். வருவதற்கு முன் அந்த 1930 புத்தகத்தைப் படித்துவிட்டு வரட்டும். படித்த பிறகும் அவர் அதே வாக்கியத்தைச் சொன்னால் நான் தலையாட்டமாட்டேன். ஆனால் உட்கார்ந்து கேட்பேன்.