தொழுகைக்குத் தூய்மையான நீரும் நோயாளிக்கான குடிநீரும்



நிறம், மணம், சுவை ஆகிய மூன்றும் அசுத்தத்தால் மாறாத நீரே ஒளூவுக்குரியது என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நம்மில் பலர் இதே அளவுகோலைக் குடிநீருக்கும் பொருத்திப் பார்க்கிறோம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் இருக்கும் வீட்டில் இது போதாது.

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி, மனிதர் மற்றும் கால்நடைகளின் கழிவு வழியாக நீரில் கலக்கிறது. அது நீரின் நிறத்தையோ மணத்தையோ மாற்றுவதில்லை. வழக்கமாகக் கலக்கப்படும் குளோரினுக்கும் எளிதில் அழிவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரின் வழியாகவே சுமார் 4 லட்சம் பேர் இதனால் பாதிக்கப்பட்டனர். உடல்நலம் உள்ளோர் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேறினர். இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

ஹெச்.ஐ.வி. தொற்று உடையோர், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றோர், புற்றுநோய் மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்கு இத்தொற்று வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்காக மாறக்கூடும். ஹெச்.ஐ.வி. உடையோருக்குக் கூட்டு மருந்தால் எதிர்ப்பாற்றலை மீட்பதே இதற்கான முதன்மைச் சிகிச்சை. அம்மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆயினும் ஒருவர் மெலிந்தால் நம் சமூகம் புறம் பேசுகிறது. அந்த அச்சத்தால் நோயாளி மருந்தை நாடாமல் ஒளிந்துகொள்கிறார். புறம் பேசுவது பாவம் என்று மிம்பரில் கேட்டுவிட்டு, வெளியே வந்து அதையே செய்வது எவ்வளவு பெரிய முரண்!

எனவே, எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கான நீர் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்கப்பட வேண்டும். இஸ்தின்ஜாவுக்குப் பின்னும், மாட்டுத்தொழுவ வேலைக்குப் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். சாராயம் கலந்த கைத்திரவம் இந்த ஒட்டுண்ணியை அழிப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகிகள் குடிநீர்த் தொட்டியை ஹவுளிலிருந்து வேறாகப் பராமரித்து, மூடி வைத்தல் நன்று. வயிற்றுப்போக்கால் தளர்ந்தவரை நோன்பு நோற்கும்படி எவரும் வற்புறுத்த வேண்டாம். நோயாளிக்கு நோன்பை ஒத்திவைக்கும் சலுகையை வழங்கியவன் அல்லாஹ்வே. அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை.

உடல் அல்லாஹ்வின் அமானிதம். அதைப் பேணுவதும் வணக்கமே. நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.