பாம்புக்கடியும் பச்சிலைச் சண்டையும்

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல பெரியப்பா ஒருத்தர் ஒரு செய்தியைச் சுற்றுக்கு விட்டார். பாம்பு கடிச்சா பதறாதீங்க, வேப்பிலையை மெல்லக் கொடுங்க, கசந்தா விஷமில்லை, இனிச்சா விஷம், இனிச்சா உடனே சிறியாநங்கைச் சாறு. கடைசியில வழக்கமான 'பகிருங்கள், ஓர் உயிர் பிழைக்கும்'. அஞ்சே நிமிஷத்துல, பொறியியல் படிச்ச ஒரு தம்பி "மூலிகை எல்லாமே மூடநம்பிக்கை, வேற வேலை இல்லையா?" என்று ஒரே போடு போட்டான். அப்புறம் கேக்கணுமா, தீபாவளி வரைக்கும் ஓடும் அந்தச் சண்டை.

என்னைக் கேட்டா ரெண்டு பேருமே தப்பு. ஆனா ஒரே அளவுக்குத் தப்பில்லை. பெரியப்பா சொன்னதைக் கேட்டா ஆள் செத்துப் போவான். அதனால முதல்ல அவர்.

நம்ம ஊர்ல ஆளைக் கொல்றதுல முன்னணியில இருக்கிறது நாலு பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதுல கட்டுவிரியன் ராத்திரியில தரையில படுத்துத் தூங்குறவனைக் கடிக்கும். பல நேரம் வலிக்காது, வீங்காது, தடம்கூடச் சரியாத் தெரியாது. விடிகாலையில வயித்து வலின்னு எழுந்திரிப்பான், இமை தானா மூடும், அப்புறம் மூச்சுத் திணறும். இவனுக்கு வேப்பிலை கொடுத்தா ஜம்முனு கசக்கும் சார்! நாக்கும் நல்லாத்தான் இருக்கும். "கசக்குது, ஒண்ணுமில்லை, படு" என்று போர்வையைப் போத்தி விடுவீங்க. அந்தச் சோதனையோட லட்சணம் அவ்வளவுதான்.

"எங்க ஊர் வைத்தியர் நூறு பேரைக் காப்பாத்தியிருக்காரே?" அப்படின்னு அடுத்த கேள்வி வரும். காப்பாத்தியிருப்பார், யார் இல்லைன்னா? கடிக்கிற பாம்புகள்ல பெரும்பாலானது சாரை, தண்ணிப் பாம்பு மாதிரி விஷமில்லாதது. விஷப்பாம்பே கடிச்சாலும் சில நேரம் விஷத்தை இறக்காம வெறும் பல்லை மட்டும் பதிச்சுட்டுப் போயிடும். இவங்களுக்குச் சிறியாநங்கை கொடுத்தாலும் பிழைப்பாங்க, ரோஸ்மில்க் கொடுத்தாலும் பிழைப்பாங்க. பிழைச்சவன் ஊர் ஊரா போய் வைத்தியர் பேரைச் சொல்வான். செத்தவன் எங்கேருந்து வந்து சொல்றது? 2001 முதல் 2003 வரைக்குமான சாவுகளை வீடு வீடாக விசாரிச்சு 2011-ல வந்த ஆய்வு, பாம்புக்கடியில இறந்தவங்கள்ல நாலுல மூணு பேர் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்திருக்காங்கன்னு சொல்லுது. 2020-ல வந்த அடுத்த ஆய்வோட கணக்கு, 2000 முதல் 2019 வரைக்கும் இந்தியாவுல சுமார் 12 லட்சம் சாவு. வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனம், அதுலயும் மழைக்காலத்துல வயல்ல இறங்குறவங்க. இவங்க செத்தா செய்தித்தாள்ல எட்டாம் பக்கத்துல நாலு வரி.

சரி, இப்போ நம்ம பொறியியல் தம்பி.

தம்பி, நல்ல பாம்பு கடிச்சு இமை தொங்கிப்போய் வர்றவனுக்கு அரசு ஆஸ்பத்திரியில என்ன பண்றாங்கன்னு தெரியுமா? பாம்பு விஷமுறிவு மருந்து போடுவாங்க, சரி. கூடவே அட்ரோபின் 0.6 மில்லிகிராம், அதோட நியோஸ்டிக்மின். நரம்பு தசைக்கு "அசை" என்று சொல்லி அனுப்புற தூது அசிட்டைல்கோலின். அது போய் உட்கார வேண்டிய இடத்துல நல்ல பாம்பு விஷம் துண்டு போட்டு உட்கார்ந்துக்கும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கிற நொதியை நியோஸ்டிக்மின் தடுத்துடும். தூது பெருகும், முட்டி மோதி இடம் பிடிக்கும், மூடின இமை மேலே ஏறும். எச்சில் ஊத்துறது, இதயத் துடிப்பு குறையுறதுன்னு அதனால வர்ற தொல்லையைத் தடுக்கத்தான் அட்ரோபின். (கட்டுவிரியனுக்கு இது பெரும்பாலும் வேலைக்காகாது. அந்த விஷம் நரம்பு முனையையே நாசம் பண்ணிடும், அனுப்புறதுக்குத் தூதே இருக்காது.)

இந்த ரெண்டுக்கும் பூர்வீகம் எது? அட்ரோபின் 1830-கள்ல பெல்லடோனாங்கற செடியிலேர்ந்து பிரிச்சது. நம்ம வேலியோர ஊமத்தையிலயும் அது உண்டு. நியோஸ்டிக்மின் 1931-ல ஆய்வகத்துல செஞ்சதுதான், ஆனா அதுக்கு முன்மாதிரி பைசோஸ்டிக்மின். மேற்கு ஆப்பிரிக்காவுல குற்றவாளியா இல்லையான்னு கண்டுபிடிக்கக் கொடுத்த கலபார் அவரை விதையிலேர்ந்து 1864-ல பிரிச்சது. ஆக, பாம்புக்கடிக்குத் துணை மருந்தா தாவரச் சரக்கு ஏற்கெனவே ஆஸ்பத்திரி அலமாரியில இருக்கு. மூடநம்பிக்கையாம்ல!

ஆனா எனக்கு நிஜமான கோபம் இந்த ரெண்டு பேர் மேலயும் இல்லை. மூலிகையை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தள்ளுறாங்களே, அவங்கள்ல ஒரு பெரிய கூட்டத்து மேல. செய்முறையைக் கேளுங்க. விஷத்தையும் இலைச்சாற்றையும் ஒரே குழாய்ல கலந்து அரைமணி நேரம் ஊற வைக்கிறது. அப்புறம் அதை எலிக்கு ஊசி போடுறது. எலி சாகலை. "விஷத்தை முறிக்கிறது" என்று கட்டுரை ரெடி! ஐயா, பாம்பு விஷத்துல பெரும்பகுதி புரதம். கடுக்காய், புளியங்கொட்டை மாதிரி துவர்ப்புச் சரக்குல இருக்கிற டானின் எந்தப் புரதத்தையும் கட்டியாத் திரட்டிடும், தோல் பதனிடுறவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். குழாய்ல திரிஞ்சு போன விஷம் எலியை எப்படிக் கொல்லும்? நிஜத்துல பாம்பு முதல்ல கடிச்சுட்டுப் போயிடுது, விஷம் உள்ளே ஓடிக்கிட்டிருக்கு, அப்புறம்தானே உங்க சாறு வருது? முதல்ல விஷம், நேரம் கழிச்சு மருந்துன்னு சோதிச்சா பல மூலிகை அங்கேயே படுத்துடும். பூனைக்காலி விதையில நல்ல பலன் வந்ததே எலிக்கு முன்கூட்டியே கொடுத்து வெச்சப்போதான். நான் வயலுக்குப் போற முன்னாடி தினம் பூனைக்காலி ஊசி போட்டுக்கிட்டா போக முடியும்?

இதுல உச்சம் ஈஸ்வரமூலி. பாம்புக்கடிக்குன்னே பேர் வாங்கின செடி. அதுல அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கு. கண்ணாடி விரியன் விஷத்துல இருக்கிற பாஸ்போலைப்பேஸ் ஏ2 என்ற நொதிக்குள்ள இந்த அமிலம் சாவி மாதிரி போய் மாட்டிக்கிறதை டெல்லி எய்ம்ஸ்காரங்க 2002-ல படிக வடிவத்துலயே காட்டினாங்க. சபாஷ்! அருமையான வேலை, இதுல கேலி எதுவும் இல்லை. ஆனா அதே அமிலம் சிறுநீரகத்தைக் கரைச்சுடும். 1990-கள்ல பெல்ஜியத்துல இளைக்கிறதுக்காகச் சாப்பிட்ட மூலிகை மாத்திரையில இந்தக் குடும்பத்துச் செடி கலந்து, நூறு பெண்கள் வரைக்கும் சிறுநீரகம் போச்சு, சிலருக்குப் பின்னாடி சிறுநீர்ப் பாதையில புற்றுநோயும் வந்துச்சு. கண்ணாடி விரியன் கடிச்சவன் எதனால டயாலிசிஸ்ல படுக்கிறான்? சிறுநீரகம் அடிபட்டுத்தான். அடிபட்ட சிறுநீரகத்துக்கு மேலே ஈஸ்வரமூலிக் கஷாயம்!

அப்போ இந்த ஆராய்ச்சியே வேண்டாமான்னா, வேணும். கண்டிப்பா வேணும். விஷமுறிவு மருந்துங்கறது குதிரையோட எதிர்ப்புப் புரதம். பெரிய மூலக்கூறு. ரத்தத்துல ஓடுற விஷத்தைப் பிடிக்கும், கடிபட்ட காலோட சதைக்குள்ள புகுந்து அழுகலைத் தடுக்கறதுல ரொம்ப வீக். உயிர் பிழைச்சும் விரலையோ காலையோ இழந்தவங்க எத்தனை பேர்! அந்த இடத்துக்குள்ள நுழைய சின்ன மூலக்கூறு வேணும், செடியில இருக்கிறது அதுதான். கொல்கத்தாக்காரங்க நம்ம நன்னாரி வேர்லேர்ந்து ஒரு சின்ன அமிலத்தைப் பிரிச்சு, விரியன் விஷத்துக்கு எதிராப் பலன் தெரியுதுன்னு 1990-கள்லயே சொன்னாங்க. பிரேசில்ல கரிசலாங்கண்ணியோட வெடலோலாக்டோனை 1980-கள்லயே பார்த்தாங்க. முப்பது நாப்பது வருஷம் ஆச்சு. கடிபட்டு வர்ற நோயாளிக்கு விஷமுறிவு மருந்தோட சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிற முறையான சோதனை வரைக்கும் இதுங்க வந்து சேரலை. அடுத்த செடியை அரைச்சு அடுத்த எலிக்குக் கொடுத்து அடுத்த முனைவர் பட்டம் வாங்குறது சுலபமாச்சே!

பாரம்பரிய அறிவு, பாரம்பரிய அறிவுன்னு முழங்குறவங்களுக்கும் ஒண்ணு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. 1978-ல ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில தொடங்கினது. நாட்டுல தயாராகுற விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு அங்கேருந்துதான் போச்சு. தடம் பார்த்துப் பாம்பு பிடிக்கிற அந்த ஜனங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. பாம்புக்கடியில நம்ம மண்ணோட அறிவு உலகத்துக்குக் கொடுத்த ஆகப் பெரிய மருந்து அதுதான், அது இலைச்சாறு இல்லை. ஆனா ராஜஸ்தான் பாம்போட விஷமும் செங்கல்பட்டுப் பாம்போட விஷமும் ஒண்ணில்லைன்னு பெங்களூரு ஐஐஎஸ்சி-யில கார்த்திக் சுனகர் குழு காட்டிக்கிட்டே இருக்கு. வட்டாரத்துக்கு ஏத்த மருந்து செய்யக் காசு கேளுங்க. சாதியோ கட்சியோ பார்க்காம நானும் வந்து கொடி பிடிக்கிறேன்.

அதுவரைக்கும் பெரியப்பா, கடிபட்டவரைப் படுக்க வெச்சு, கடிபட்ட காலை அசையாம ஒரு கட்டையோட சேர்த்துத் தளர்வாக் கட்டி, 108-க்கு அடிங்க. இறுக்கிக் கயிறு கட்டாதீங்க, பிளேடால கீறாதீங்க, நடக்க விடாதீங்க. பாம்பைத் தேடிக்கிட்டு நேரத்தை வீணாக்காதீங்க. தமிழ்நாட்டுல 2024 நவம்பர்லேர்ந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும். இனிமேலாவது எண்ணிக்கை ஒழுங்கா வரும்.

டிஸ்கி: அட்ரோபின் இருக்குன்னு எழுதிட்டேனேன்னு யாராச்சும் ஊமத்தங்காயை அரைச்சுக் குடிச்சுத் தொலைக்காதீங்க சாமி. அதே ஆஸ்பத்திரியில அதுக்கும் தனியா ஒரு பெட் வெச்சிருக்காங்க.