நிற்கிற காரா, பறக்கிற காரா?

கரியமாணிக்கம் மாதிரி வயல் சூழ்ந்த ஊரில் சாலையோரமாக நின்று, ஓடுகிற காரை செல்போனில் எடுத்துப் பாருங்கள். உச்சி வெயில். கார் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. படத்திலோ, யாரோ நடுரோட்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன மாதிரி இருக்கும். சக்கரத்தின் நட்டைக்கூட எண்ணிவிடலாம்.

உடனே பையன்கள் என்ன செய்கிறார்கள்? "மச்சான், இன்னும் வேகமா வாடா!" அடுத்த ரவுண்டு எண்பது, அதற்கடுத்து நூறு. ஆடு மாடும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் குறுக்கே வருகிற சாலையில் இந்தக் கூத்து. இத்தனைக்கும் நூறில் வந்தாலும் படம் அப்படியேதான் இருக்கும். கோளாறு காரில் இல்லை, வெயிலில்.

நல்ல வெயிலில் செல்போன் கேமரா, உள்ளே வரும் வெளிச்சத்தைச் சமாளிக்க ஷட்டரைச் சட்டென்று மூடிவிடுகிறது. பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பு ஒரே அளவுதான், சுருக்க முடியாது. எஃப் 1.8 திறப்பு, ஐஎஸ்ஓ 50 என்றால், ஷட்டர் நொடியில் சுமார் 4000-ல் ஒரு பங்கு நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் அறுபதில் போகும் கார் நகர்வது 4 மில்லிமீட்டர். அரை நெல்மணி நீளம். நூறில் போனால் 7 மில்லிமீட்டர், அதாவது முழு நெல்மணி. இதில் எங்கே வேகம் தெரியும்?

அதே ஷட்டர் நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், கார் 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். காரோடு சேர்த்து போனையும் திருப்பினால் கார் ஓரளவு தெளிவாக விழும், பின்னால் இருக்கும் மரமும் வரப்பும் கோடு கோடாக இழுபடும். இதற்குப் பெயர் 'பேனிங்'. கவனிக்க வேண்டியது இதுதான்: கார் வெறும் முப்பதில் வரட்டும், ஷட்டரை 15-ல் ஒரு பங்குக்கு இறக்குங்கள். அப்போதும் அதே 55 சென்டிமீட்டர்தான். பின்னணி இழுபடுவதில் ஒரு வித்தியாசமும் இருக்காது. படத்தில் தெரியும் வேகத்துக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கவே தேவையில்லை.

சரி, வெயிலில் ஷட்டரை இவ்வளவு இறக்கினால் படம் வெள்ளைத்தாளாகிவிடுமே? ஆகும். அதற்குத்தான் என்டி ஃபில்டர். லென்ஸுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் கிளிப் போலப் பொருத்துவதும் கிடைக்கிறது. 'என்டி 64' என்றால் வெளிச்சத்தில் 64-ல் ஒரு பங்குதான் உள்ளே போகும், ஷட்டர் 4000-லிருந்து 60 வாக்கில் இறங்கிவிடும். 15-க்கு இறங்க 'என்டி 256' வேண்டும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் திறப்பை எஃப் 22 வரை சுருக்கிப் பார்ப்பார்கள். அப்போது படம் கொஞ்சம் மழுங்கும், சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அவர்களுக்கும் ஃபில்டரே மேல்.

காசு செலவழிக்க மனமில்லையா? மர நிழல் விழும் சாலையாகப் பாருங்கள். நிழலில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பின்னால் வரிசையாக மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. வெறும் வானம் பின்னணியாக இருந்தால் எதுவுமே இழுபடாது, எடுத்தது வீண். மாலை ஐந்தரைக்கு மேல் ஃபில்டரின் வேலையைச் சூரியனே பாதி முடித்துவிடும். ஆண்ட்ராய்டு போன் என்றால் 'ப்ரோ' மோடில் ஷட்டரை நீங்களே வைக்கலாம். 2021-ல் வந்த பிக்ஸல் 6-ல், பின்னணியை மட்டும் மென்பொருளே இழுத்துவிடும் 'ஆக்‌ஷன் பேன்' என்ற வசதியும் வந்தது. கைவித்தை பழகியவர்களுக்கு அதில் அவ்வளவு ருசி இருக்காது.

பேனிங் செய்யும்போது மின்கம்பங்கள் சாய்ந்து விழுந்தால் பயப்பட வேண்டாம். செல்போன் சென்சார் படத்தை ஒரே அடியாக எடுப்பதில்லை, வரி வரியாக எடுக்கிறது. அதற்குள் நீங்கள் திரும்பிவிடுவதால் கம்பம் சாய்கிறது. இந்தச் சாய்வுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1910-களின் தொடக்கத்தில் ழாக் ஆன்றி லார்திக் என்ற பிரெஞ்சு இளைஞர், கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஒரு காரைத் துரத்தி எடுத்தார். அவர் கேமராவின் ஷட்டர், நகரும் ஒரு பிளவு. கார் சக்கரம் முட்டை வடிவில் முன்னால் சாய்ந்தது, வேடிக்கை பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். காரின் முன்பாதி படத்திலேயே இல்லை. பல வருடம் வெளியே தெரியாமல் கிடந்தவரின் படங்களை 1963-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. இன்று வேகத்தைக் காட்டும் படம் என்றால் பலரும் முதலில் சொல்வது அந்தச் சாய்ந்த காரைத்தான்.

பழகுவதற்குக் கார்கூட வேண்டாம். தம்பியையோ தங்கையையோ சைக்கிளில் தெருவில் போய் வரச் சொல்லுங்கள். பதினைந்து கிலோமீட்டர் வேகம், ஷட்டர் 8-ல் ஒரு பங்கு. கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு இடுப்பைத் திருப்புங்கள். தூரத்தில் வரும்போதே பின்தொடர ஆரம்பித்து, எதிரே வந்ததும் அழுத்தி, போன பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். இருபது எடுத்தால் இரண்டு தேறும்.

தார்ச்சாலைக்கு வந்த பிறகு ஒன்று. கண் முழுக்க திரையில் இருக்கும், மறுபக்கத்திலிருந்து வருகிற வண்டி தெரியவே தெரியாது. சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.