பிள்ளைக்கு உடம்பு வைப்பது யாரால்?



பாடசாலையில் உயரம், நிறை பார்த்து "நிறை கூட" என்று ஒரு பிள்ளையைக் குறித்துவிட்டால் வீட்டில் ஏச்சு வாங்குவது அந்தப் பிள்ளைதான். "வாயைக் கட்டு" என்பார்கள். வகுப்பில் 'குண்டன்', 'பூசணி' என்று பட்டமும் இருக்கும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஒன்றரை லீட்டர் சோடா வாங்கி வந்து பிரிஜ்ஜில் வைப்பதில்லை. வைப்பது நாங்கள்.

அந்தப் போத்தலில் இருக்கும் நிறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2016இலிருந்து எங்கட நாட்டில் மென்பானங்களின் சீனியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்ட வேண்டும். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல். ஒரு கிளாஸ் குடித்தால் நாலு தேக்கரண்டிக்கு மேல் சீனி உள்ளே போகிறது. விருந்தாளி வந்தாலும் அதுதான், பெருநாளைக்கும் அதுதான், மார்க்ஸ் கூட எடுத்தாலும் அதுதான். உம்மும்மா "புள்ள மெலிஞ்சிட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு இரண்டு அகப்பை சோறும் கூட.

சாப்பாடு பாதிக் கதைதான். காலையில் த்ரீவீலில் பாடசாலை, பகலில் த்ரீவீலில் வீடு. பிறகு குர்ஆன் மதரஸா, ரியூசன், மஃரிபுக்குப் பிறகு ஹோம்வேர்க், மிச்ச நேரம் போன். ஐந்தாம் ஆண்டு என்றால் புலமைப்பரிசில் முடியும் வரை விளையாட்டுக்கே லீவு. 5 முதல் 17 வயது வரை நாளைக்கு 60 நிமிடமாவது ஓடியாடி உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கட பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடம் எங்கே?

ஆம்பிளைப் பிள்ளைகளுக்காவது அஸருக்குப் பிறகு மைதானம் இருக்கிறது. பொம்பிளைப் பிள்ளைக்குப் பதினொரு வயதானதும் "இனி ரோட்டில் விளையாடாதே" என்று உள்ளே கூப்பிட்டு, சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறோம். அவளுக்குப் பதிலாக என்ன கொடுத்தோம்? கதிரையும் போனும்தான். பிறகு இருபது வயதில் கல்யாணப் பேச்சு வரும்போது "உடம்பு கூடிட்டு" என்று கவலைப்படுகிறோம். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சீனி வருத்தம் இருக்கிற வீட்டில் இது அழகுப் பிரச்சினை இல்லை, நாளைக்கு அவளுக்கும் அந்த வருத்தம் வரும் வழி.

ஹயா பேணச் சொல்வதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததைப் பயானில் கேட்டு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். எங்கட மகளுக்கு ஓட ஓர் இடமும் வேண்டாமா?

வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். நிறை பற்றிச் சந்தேகம் என்றால் டொக்டரிடம் காட்டுங்கள்.

எங்கட பாடசாலை மைதானத்துக்குச் சுற்றுமதில் இருக்கிறது, வலைப்பந்தும் இருக்கிறது. கிழமையில் இரண்டு நாள், நாலரை தொடக்கம் ஐந்தரை வரை பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லி அதிபரிடம் கேட்க நான் தயார். ரியூசன் வைக்கும் சேர்மார், டீச்சர்மார் அந்த இரண்டு மணித்தியாலத்தை மட்டும் விட்டுத்தர வேண்டும். பிள்ளைகளோடு நிற்க மூன்று, நாலு உம்மாமார் தேவை. எந்த நாள் வரமுடியும் என்று கீழே எழுதுங்கள்.