வெள்ளவத்தையில் வீடு யாருக்கு?

நாட்டின் எப்பாகத்திலும் தான் விரும்பிய இடத்திற் குடியிருக்கும் சுதந்திரம் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டென்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை கூறுகின்றது. 2007 ஜூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது, இச் சுதந்திரத்தின் பெயராலேயே தமிழ் மக்கள் குரல் எழுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அன்று துரத்தியது அரசு. இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வாசலில் ஏழைத் தமிழனை மறித்து நிற்பவர் யார்? மூடி மறைப்பதில் பயனில்லை. அவருள் மிகப் பலர் எம்மவரே!

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டுப் பிள்ளையைப் படிப்பித்த கமக்காரன், அப்பிள்ளைக்குக் கொழும்பில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததென்று மகிழ்கின்றான். மகிழ்ச்சி எத்தனை நாளைக்கு? இரண்டு அறை வீட்டுக்கு ஒரு வருட வாடகை முற்பணம். தரகருக்கு ஒரு மாத வாடகை. போதாததற்கு, “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று துருவிச் சாதியை அளக்கும் விசாரணை வேறு. மலையகத்திலிருந்து வரும் இளைஞனோ இவ்விசாரணையிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றான். சமத்துவம் கேட்டுப் போராடிய இனத்துக்கு இது அழகா?

சட்டம் எங்கே என்று கேட்பீர்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டியது; மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதையும் தடுத்தது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தமோ அதன் பின் கட்டப்பட்ட வீடுகளை அச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. கடற்கரை ஒழுங்கைகளில் இன்று வானளாவி நிற்கும் தொடர்மாடிகள் பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவையே.

இன்னுமொரு கொடுமையைக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்படாவிடிற் குத்தகையாகச் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சட்டம். வெறுங் கடதாசியிற் கையொப்பமிட்டு ஒரு வருடப் பணத்தைக் கட்டியவன், சட்டத்தின் கண்ணில் மாதக் குடியிருப்பாளன் மாத்திரமே. பணம் ஒரு வருடத்துக்கு. பாதுகாப்பு ஒரு மாதத்துக்கு!

வீட்டுக்காரர் தம் நியாயத்தைச் சொல்வர்: வங்கிக் கடன், விலைவாசி, பழைய சட்டத்தைக் கேடயமாக்கி வீட்டை விட்டு எழும்ப மறுத்த குடியிருப்பாளர். இவற்றுள் உண்மை உண்டு. சொந்த வீட்டை மீட்க ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறியோரை நாமும் அறிவோம். நியாயமான வாடகை அவர்கள் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருட முற்பணம் வாடகையன்று. இல்லாதவனிடம் இருப்பவன் வட்டியின்றி வாங்கும் கடன் அது!

ஆகவே நாம் கேட்பவை மூன்று. எல்லா வாடகை வீடுகளுக்கும் முற்பணம் மூன்று மாதத்துக்கு மேற்படலாகாதெனச் சட்டம் வேண்டும். பெற்ற பணத்துக்குப் பற்றுச்சீட்டும், வருடக் கணக்கான வாடகைக்கு நொத்தாரிசு உறுதியும் கட்டாயமாக வேண்டும். பிணக்குகளை விரைவில் தீர்க்க மன்றம் ஒன்று வேண்டும். அது வீட்டுக்காரருக்கும் நன்மையே.

எமது பாராளுமன்ற உறுப்பினர் இதற்காக வாய் திறப்பரா? சட்டம் வரும்வரை காத்திராமல், கொழும்பிலுள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விழா மண்டபத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் புதிதாக வருவோருக்கு ஒரு விடுதி அமைக்க ஒதுக்கட்டும். சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு மாலை குடியிருப்பாளரின் கடதாசிகளை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கட்டும்.

அரசிடம் உரிமை கேட்கும் இனம், தன் வீட்டுக் கதவைத் தன் இனத்தானுக்கே சாத்தலாமா? வெள்ளவத்தை வீட்டுக்காரரே, பதில் சொல்லுங்கள்!