கறுப்புத் தொட்டி

இந்த வாரமும் முட்டை விலையைப் பற்றித் தொலைக்காட்சியில் நெடுநேரம் பேசினார்கள். மக்காச்சோளம் வந்தது, லாரி வாடகை வந்தது. முட்டையிடும் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

விலை கிடக்கட்டும். சித்திரை மதியத்தில் நாமக்கல் பக்கம் ஒரு பண்ணைக்குள் போய்ப் பாருங்கள். கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி. வெளியே 40-ஐத் தொட்டுவிட்டால் மூச்சு வழியாகத்தான் சூட்டை இறக்கியாக வேண்டும். இறக்கையை விலக்கி, அலகைப் பிளந்து, தொண்டை துடிக்க இரைக்கிறது. அப்படி இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் அதனால் குறைகிறது. தீனியும் இறங்காது. ஓடு மெலிந்து, அட்டையில் அடுக்கும்போதே விரிசல் விடும். சில நாள் தோல்முட்டைதான்.

தண்ணீரைச் சூடாக்கும் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டிமேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன கோடையில் பள்ளிக்கூடக் குழாய்களுக்காக எழுதினேன். இப்போது கோழிக்காக எழுதுகிறேன். நான் போன பண்ணையிலும் அதே தொட்டி, உச்சி வெயிலில், மேலே ஒரு கீற்றுகூட இல்லாமல். கூண்டுவரிசையில் ஓடும் குழாயில் கை வைக்க முடியவில்லை. ஒரு கோழி தண்ணீர் சொட்டும் நிப்பிளைக் கொத்தியது, சொட்டு விழுந்தது, தலையை உதறிக்கொண்டு விலகியது. வெயில் நாளில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடிக்க வேண்டிய உயிர் அது.

தெளிப்பான், மின்விசிறி, தண்ணீரில் வைட்டமின் சி என்று செலவழிப்பவர்கள்கூடத் தொட்டித் தண்ணீரின் சூட்டைக் கவனிப்பதில்லை. (காற்றோட்டம் இல்லாத புழுக்கத்தில் தண்ணீர் தெளிப்பது கெடுதல் என்பதும் பலருக்குத் தெரியவில்லை.) செய்ய வேண்டியது எளிது: தொட்டிக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல், சுற்றிலும் ஈரச்சாக்கு. குழாயில் தேங்கிய வெந்நீரை மதியத்தில் ஓரிரு முறை திறந்துவிட்டால் பின்னாலேயே குளிர்ந்த நீர் வரும். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். தீனியை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைப்பது நல்லது; செரிக்கும்போதும் உடம்பு சூடேறும்.

“கடையில கறுப்புத் தொட்டிதாங்க இருந்துச்சு” என்றார் பண்ணைக்காரர். வெள்ளைத் தொட்டியும் விற்கிறார்கள். ஆனால் பந்தல் போடாவிட்டால் அதுவும் சுடும். கீற்றுக்கு அன்று மாலையே ஆள் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.